சிக்கானோ கலையை ஆய்வது எப்படி? பெயரும் சுவரும் ஆவணமும்

1972ஆம் ஆண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டக் கலை அருங்காட்சியகத்துக்குச் சென்ற ஹாரி கம்போவா என்னும் இளைஞர், சிக்கானோ கலைஞர்களின் படைப்புகள் ஏன் அங்கே இல்லை என்று காப்பாட்சியர் ஒருவரிடம் கேட்டார். சிக்கானோக்கள் நாட்டுப்புறக் கைவினை செய்பவர்கள், தெருக்கும்பல்களில் சேர்பவர்கள்; நுண்கலை படைப்பவர்கள் அல்லர் என்னும் பொருளில் பதில் கிடைத்ததாகக் கம்போவா பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். அதன்பின் ஓரிரவு அவரும் அவருடைய நண்பர்களான குரோங்க், வில்லி ஹெரோன் இருவரும் அருங்காட்சியகத்தின் நுழைவாயிலில் தங்கள் பெயர்களை வண்ணத் தெளிப்பானால் எழுதினர். எங்கள் படைப்பு உள்ளே வர முடியாதெனில் இக்கட்டடமே எங்கள் படைப்பு என்பது அதன் பொருள். மறுநாள் காலை, அக்கையெழுத்துகளுக்கு மேலே பாட்சி வால்டெஸ் நிற்க, கம்போவா ஒளிப்படம் எடுத்தார். நிருவாகம் விரைவிலேயே பெயர்களை வண்ணம் பூசி மறைத்தது. ஒளிப்படம் மட்டும் எஞ்சியது.

இந்நால்வரும் 'அஸ்கோ' என்ற குழுவாக இயங்கினர். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குக் குமட்டல், அருவருப்பு என்று பொருள். 2011இல் அதே அருங்காட்சியகம் அஸ்கோவின் பணியை முழுமையாகக் காட்டும் கண்காட்சி ஒன்றை நடத்தியது. வாசலில் அழிக்கப்பட்ட பெயர்கள் உள்ளே நுழைய 39 ஆண்டுகள் ஆயின.

அந்த 39 ஆண்டுகளில் என்ன நடந்தது, எது மாறியது, எது மாறவில்லை என்று கேட்பதே சிக்கானோ கலை ஆய்வின் மையம். இத்துறைக்குள் புதிதாக நுழையும் மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் எங்கே தொடங்குவது, எதை நம்புவது, எதில் எச்சரிக்கையாக இருப்பது என்பதற்கான ஓர் அறிமுகமாக இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பெயர்கள்: யார் வைத்தவை, யார் ஏற்றவை

முதலில் சொற்களைப் பிரித்தறிய வேண்டும். 'மெக்சிகன் அமெரிக்கர்' என்பது மெக்சிகோ வம்சாவளியினரான அமெரிக்கக் குடிமக்களைக் குறிக்கும் பொதுச்சொல். 'சிக்கானோ' என்பது ஒரு காலத்தில் ஏழை மெக்சிகோ தொழிலாளரை இழிவாகச் சுட்டப் பயன்பட்டது. 1960களில் இளைஞர்கள் அவ்வசைச்சொல்லையே எடுத்துத் தங்கள் அரசியல் பெயராக்கிக் கொண்டனர். ஆகவே எல்லா மெக்சிகன் அமெரிக்கரும் சிக்கானோக்கள் அல்லர். பிறப்பினால் மட்டும் வருவதன்று அப்பெயர். ஒரு நிலைப்பாட்டை ஏற்பதால் வருவது. பெண்கள் தங்களைத் தனியே குறிக்கச் 'சிக்கானா' என்றனர். பாலினப் பிரிவைக் கடந்து எழுத விரும்புவோர் இன்று 'சிக்கானெக்ஸ்', 'லத்தீனெக்ஸ்' என எழுதுகின்றனர்.

'ஹிஸ்பானிக்' என்பது அரசு வழியே பரவிய சொல். 1977இல் அமெரிக்க நடுவண் அரசு இன வகைப்பாட்டுக்கான நெறிமுறையை வகுத்தது. 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஸ்பானிய, ஹிஸ்பானிக் மரபினரா என்ற கேள்வி எல்லாக் குடும்பங்களிடமும் கேட்கப்பட்டது. 'லத்தீனோ' என்ற சொல் 2000 கணக்கெடுப்பில் சேர்ந்தது. ஸ்பெயினை மையமாக்கும் 'ஹிஸ்பானிக்' என்ற சொல்லைவிட இலத்தீன் அமெரிக்க மண்ணைச் சுட்டும் 'லத்தீனோ' மேல் எனப் பலர் கருதினர். 2020 கணக்கெடுப்பின்படி இவ்வகைக்குள் 6 கோடியே 21 இலட்சம் பேர் உள்ளனர். மொத்த மக்கள்தொகையில் இது 18.7 விழுக்காடு. இவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மெக்சிகோ வம்சாவளியினர். மற்றவர்களுள் போர்ட்டோ ரிக்கோ, கியூபா, டொமினிக்கன் குடியரசு, எல் சால்வடோர் முதலிய இடங்களைச் சார்ந்தோர் அடங்குவர். இவர்கள் அமெரிக்காவுக்குள் வந்த வரலாறு ஒன்றல்ல. சட்ட நிலையும் ஒன்றல்ல. போர்ட்டோ ரிக்கர்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள்.

எனவே முதல் விதி இது. ஓர் ஓவியரைப் பற்றி எழுதும்போது அவர் தம்மை எப்படி அழைத்துக்கொண்டார் என்று தேடி, அப்பெயரையே எழுத வேண்டும். அவர் காலத்தில் இல்லாத பெயரை அவர்மீது ஏற்றக்கூடாது.

ஓர் உடன்படிக்கையும் சில வழக்குகளும்

இக்கலையைப் புரிந்துகொள்ள 1848க்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு பிப்ரவரி 2 அன்று கையெழுத்தான குவாடலூப்பே ஹிடால்கோ உடன்படிக்கை, அமெரிக்க – மெக்சிகோ போரை முடித்து வைத்தது. இன்றைய கலிபோர்னியா, நெவாடா, யூட்டா முழுவதும், அரிசோனா, நியூ மெக்சிகோ ஆகியவற்றின் பெரும்பகுதியும் அமெரிக்காவின் வசமாயின. அங்கே வாழ்ந்த மெக்சிகோ மக்களுக்குக் குடியுரிமையும் சொத்துரிமையும் உறுதியளிக்கப்பட்டன. ஆனால் நில மானியங்களைக் காப்பதற்கான பத்தாவது பிரிவை அமெரிக்க செனட் நீக்கிவிட்டது. 1851ஆம் ஆண்டுச் சட்டம், கலிபோர்னியாவின் நிலவுடைமையாளர்கள் தங்கள் பட்டாவைத் தாங்களே ஆணையத்தின் முன் மெய்ப்பிக்க வேண்டும் என்றது. வழக்குச் செலவிலேயே பலர் நிலத்தை இழந்தனர். நாங்கள் எல்லையைக் கடக்கவில்லை, எல்லைதான் எங்களைக் கடந்தது என்னும் கருத்து சிக்கானோ சுவரொட்டிகளில் மீண்டும் மீண்டும் வருவதன் பின்னணி இதுவே.

நீதிமன்றத் தீர்ப்புகளும் இவ்வாய்வுக்கு முதன்மைச் சான்றுகள். 1954 மே 3 அன்று உச்ச நீதிமன்றம் 'ஹெர்னாண்டஸ் எதிர் டெக்சாஸ்' வழக்கில் தீர்ப்பு வழங்கியது. ஜாக்சன் மாவட்டத்தில் 25 ஆண்டுகளாக மெக்சிகோப் பெயர் கொண்ட எவரும் ஜூரியில் அமர்ந்ததற்குப் பதிவே இல்லை. மெக்சிகோ வம்சாவளியினர் சட்டப்படி வெள்ளையர், ஆகவே பாகுபாடு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று மாநில அரசு வாதிட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நீதிமன்ற வளாகத்தில் கறுப்பின ஆண்களுக்கென ஒதுக்கப்பட்ட கழிப்பறையின் கதவில், ஆண்கள் இங்கே என்று ஸ்பானிய மொழியிலும் எழுதப்பட்டிருந்ததைத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. மெக்சிகோ மக்களுக்கு உணவு இல்லை என்று ஊர் உணவகத்தில் தொங்கிய பலகையையும் குறிப்பிடுகிறது. ஓர் ஊரின் பெயர்ப்பலகைகளே பாகுபாட்டின் சாட்சியங்களாயின. பிற்காலச் சிக்கானோ கலைஞர்கள் எழுத்தையும் பலகையையும் சுவரையும் ஏன் தங்கள் ஊடகமாக்கினர் என்பதற்கு இத்தீர்ப்பைவிடத் தெளிவான பின்புலம் கிடைப்பது அரிது.

இதற்கு முன்பே, 1946இல், 'மெண்டஸ் எதிர் வெஸ்ட்மினிஸ்டர்' வழக்கில் கலிபோர்னியாவில் மெக்சிகோ குழந்தைகளைத் தனிப் பள்ளிகளில் வைப்பது செல்லாதெனக் கூட்டாட்சி நீதிமன்றம் கூறியிருந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1947இல் அத்தீர்ப்பை உறுதி செய்தது. உடையின் வரலாறும் வழக்கு வரலாறே. தொளதொளத்த 'ஸூட் சூட்' அணிந்த மெக்சிகோ இளைஞர்களைக் குற்றக்கும்பலாகக் காட்டி, 1943 சனவரியில் 'ஸ்லீப்பி லகூன்' வழக்கில் 17 பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1944இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. இடையே 1943 சூனில் கடற்படையினர் லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களில் அவ்விளைஞர்களை அடித்து உடைகளைக் கிழித்தனர். லூயிஸ் வால்டெஸ் 1978இல் இவ்வழக்கை 'ஸூட் சூட்' என்னும் நாடகமாக்கினார்.

திராட்சைத் தோட்டத்திலிருந்து எழுந்த கலை

1965 செப்டம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. தொடங்கியவர்கள் லேரி இட்லியாங் முதலானோர் தலைமையிலான பிலிப்பினோ தொழிலாளர்கள். எட்டு நாள்களுக்குப் பின், சீசர் சாவேஸ், டோலோரஸ் உவெர்ட்டா ஆகியோரின் சங்கம் இணைந்தது. இவ்வரிசை முக்கியமானது. பல நூல்களில் பிலிப்பினோக்களின் பங்கு ஒரு வரிக்குள் சுருங்கிவிடுகிறது. 1970இல் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர்.

இப்போராட்டத்தின் கறுப்புக் கழுகுக் கொடி 1962இலேயே உருவானது. சாவேஸின் சகோதரர் ரிச்சர்டு அதை வரைந்தார். சிவப்புத் துணி, வெள்ளை வட்டம், அதனுள் நேர்கோடுகளால் படிக்கட்டுப் போன்ற இறக்கையுடைய கழுகு. தையல் தெரிந்த எவரும் வீட்டிலேயே வெட்டித் தைக்கக்கூடிய வடிவம் அது. யார் வேண்டுமானாலும் மறுபடி செய்யலாம் என்ற இந்த எளிமை சிக்கானோ கலையின் ஒரு நெறியாகவே வளர்ந்தது.

அதே 1965இல் லூயிஸ் வால்டெஸ் 'எல் தியேட்ரோ கம்பெசினோ' என்னும் உழவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். லாரியின் திறந்த பின்பகுதியே மேடை. நடிகர்கள் வேலைநிறுத்தத் தொழிலாளர்கள். முதலாளி, கருங்காலி என்று எழுதிய அட்டைகளைக் கழுத்தில் தொங்கவிட்டால் பாத்திரம் தயார். சங்கத்தின் இதழான 'எல் மல்கிரியாடோ'வில் ஆந்த்ரூ செர்மெனோ வரைந்த கேலிச்சித்திரங்கள், எழுத்தறியாத தொழிலாளருக்கும் செய்தியைக் கொண்டு சென்றன.

நகரங்களில் ஸ்கிரீன் பிரிண்டிங் இயக்கத்தின் கருவியானது. குறைந்த செலவில் நூற்றுக்கணக்கான சுவரொட்டிகளை ஓர் இரவில் அச்சிட்டு விடலாம். சான் பிரான்சிஸ்கோவில் 1970இல் 'கலேரியா டி லா ராசா' தோன்றியது. கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் அதே ஆண்டில் கேரன் பொக்காலெரோ என்னும் கன்னியாத்திரியும் கலைஞர்கள் சிலரும் சேர்ந்து தொடங்கிய முயற்சி 'செல்ஃப் ஹெல்ப் கிராபிக்ஸ்' என்ற அச்சுக்கூடமாக வளர்ந்தது. இறந்தோர் நாள் என்னும் மெக்சிகோ வழிபாட்டை 1970களின் தொடக்கத்தில் தெரு ஊர்வலமாகவும் பொதுக் கலைவிழாவாகவும் மீட்டவர்களுள் இவ்வமைப்பினர் முதன்மையானவர்கள். சாக்ரமென்டோவில் ஹோசே மொன்டோயா, எஸ்தபான் வில்லா முதலியோர் அமைத்த குழுவின் பெயர்ச்சுருக்கம் கனடா விமானப் படையின் சுருக்கத்தோடு ஒத்திருந்தது. அதையே நகைச்சுவையாக்கி, 'ராயல் சிக்கானோ ஏர் ஃபோர்ஸ்' என்று பெயர் மாற்றிக் கொண்டு விமானியர் உடையில் உலவினர்.

சுவர் யாருடையது

1932இல் மெக்சிகோ ஓவியர் டேவிட் அல்ஃபாரோ சிகேரோஸ், லாஸ் ஏஞ்சல்ஸின் ஒல்வேரா தெருவில் 'அமெரிக்கா டிராபிக்கல்' என்னும் சுவரோவியத்தைத் தீட்டினார். சுற்றுலாவுக்கு ஏற்ற பசுமைக் காட்சியை எதிர்பார்த்தவர்களுக்கு, சிலுவையில் அறையப்பட்ட பழங்குடி மனிதனும் அவன் தலைக்குமேல் அமர்ந்த கழுகும் கிடைத்தன. சில ஆண்டுகளுக்குள் ஓவியம் வெள்ளையடித்து மறைக்கப்பட்டது. பல பத்தாண்டுகளுக்குப் பின் வெள்ளைப் பூச்சு உரிந்து பழைய உருவம் மெல்ல வெளித்தெரிந்தபோது, அது சிக்கானோ ஓவியர்களுக்கு ஓர் அடையாளமானது. பாதுகாப்புப் பணிக்குப் பின் 2012இல்தான் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.

சான் டியாகோவின் பாரியோ லோகன் பகுதி வேறொரு பாடம். நெடுஞ்சாலையும் 1969இல் திறக்கப்பட்ட கொரொனாடோ பாலமும் அக்குடியிருப்பைப் பிளந்தன. பாலத்தின் அடியில் பூங்கா அமைத்துத் தருவதாக அளித்த வாக்குறுதிக்கு மாறாக, அங்கே நெடுஞ்சாலைக் காவல் நிலையம் கட்டப் புல்டோசர்கள் வந்தன. 1970 ஏப்ரல் 22 அன்று மாணவர்களும் குடும்பங்களும் நிலத்தில் இறங்கி இயந்திரங்களை நிறுத்தினர். 12 நாள்கள் இடத்தைவிட்டு அகலாமல் செடிகளை நட்டனர். பூங்கா கிடைத்தது. 1973 முதல் பாலத்தின் காங்கிரீட் தூண்களில் ஓவியங்கள் எழுந்தன. தங்களைப் பிளந்த தூண்களையே அவர்கள் தங்கள் வரலாற்றின் பக்கங்களாக்கினர். சிக்கானோ பூங்கா 2016இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

ஜூடி பாக்கா 1976இல் தொடங்கிய 'லாஸ் ஏஞ்சல்ஸ் பெருஞ்சுவர்' 840 மீட்டர் நீளமுடையது. டுஹுங்கா வெள்ள வடிகாலின் பக்கச்சுவரில், 1983 வரையிலான ஐந்து கோடைக்காலங்களில், 400க்கும் மேற்பட்ட இளைஞர்களுடன் தீட்டப்பட்டது. அவர்களுள் பலர் சிறார் நீதி அமைப்பின்வழி வந்தவர்கள். சுமாஷ் பழங்குடிகள், சீன இருப்புப்பாதைத் தொழிலாளர், 1930களில் மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள், முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர் எனப் பாடநூல்கள் விட்டுவிட்டவர்கள் அதில் வரிசையாக வருகின்றனர். பாக்காவின் முறை கவனிக்கத்தக்கது. வரலாற்றறிஞர்களை அழைத்து உரையாடுவார், ஊர் மக்களின் நினைவுகளைக் கேட்பார், பின்னரே கோடு இழுப்பார். 2023இல் அப்பெருஞ்சுவரின் தொடர்ச்சியை அவர் மக்கள் முன்னிலையில் தீட்டத் தொடங்கிய இடம், கம்போவாவுக்கு இடமில்லை என்ற அதே அருங்காட்சியகம்.

சட்டப் பக்கத்தையும் பதிய வேண்டும். கலிபோர்னியாவின் 1979ஆம் ஆண்டுக் கலைப் பாதுகாப்புச் சட்டமும் 1990ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டமும், கட்டடத்தின் உரிமையாளரே ஆனாலும் ஓவியருக்கு அறிவிக்காமல் சுவரோவியத்தை அழிப்பதற்குத் தடைகள் விதித்தன. ஆயினும் விளம்பரப் பலகைகள் தொடர்பான வழக்குகளின் விளைவாக, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 2002 முதல் 2013 வரை தனியார் கட்டடங்களில் புதிய சுவரோவியங்களுக்கே தடை விதித்திருந்தது. சுவரோவியங்களின் தலைநகர் எனப் பேர்பெற்ற ஊரில் ஒரு தலைமுறை இளம் ஓவியர்கள் சட்டவிரோதிகளாயினர்.

இல்லாமையின் அழகியல்

கோட்பாட்டளவில் தவிர்க்க முடியாத சொல் 'ராஸ்குவாச்சிஸ்மோ'. மெக்சிகோவில் 'ராஸ்குவாச்சே' என்பது மட்டமானது, ரசனையற்றது, கீழ்மக்களுடையது என்று மேல்தட்டினர் உதிர்க்கும் சொல். தோமாஸ் இபார்ரா ஃப்ராஸ்டோ 1989இல் வெளியான கட்டுரையில் இதை ஓர் அழகியலாக விளக்கினார். உடைந்த ஓட்டுத்துண்டு, பழைய டயர், தகர டப்பா, பளபளக்கும் தாள் என்று கையில் உள்ளதைக்கொண்டு ஒன்றைப் படைத்து, அதில் பெருமிதமும் கிண்டலும் கலந்து நிற்பது அது. தோட்ட வேலிக்குள் டயரில் பூச்செடி வளர்ப்பவரிடமும் தரையைத் தொடும்படி தாழ்த்தி அலங்கரித்த 'லோரைடர்' காரிலும் அவர் இதைக் கண்டார்.

அமாலியா மேசா பெயின்ஸ் இதைப் பெண்களின் பக்கமிருந்து திருத்தினார். தெருவும் காரும் ஆண்களின் வெளி. பெண்களின் படைப்பு வீட்டுப் பலிபீடத்தில், தையலில், குடும்பப் படங்களை அடுக்கி வைப்பதில் இருக்கிறது. அவர் இதை 'டொமெஸ்டிகானா' என்றார். அவரே வீட்டுப் பலிபீடங்களின் வடிவில் பெரும் நிறுவல் படைப்புகளைச் செய்தவர்.

பெண்கள் எழுப்பிய கேள்வி

தொடக்கத்தில் சொன்ன ஒளிப்படத்துக்குத் திரும்புவோம். வாசலில் எழுதப்பட்ட பெயர்கள் மூன்றும் ஆண்களுடையவை. படத்தில் நிற்கும் பாட்சி வால்டெஸின் பெயர் அங்கே இல்லை. புறக்கணிப்பை எதிர்த்த செயலுக்குள்ளேயே இன்னொரு விடுபடல்.

யோலாண்டா லோப்பெஸ் 1978இல் குவாடலூப்பே அன்னையின் உருவத்தை மூன்று தலைமுறைப் பெண்களாக வரைந்தார். பாட்டி அமைதியாக அமர்ந்திருக்கிறார். தாய், தையல் எந்திரத்தில் அன்னையின் விண்மீன் போர்வையைத் தைக்கிறார். ஓவியரோ ஓட்டக் காலணியுடன் பாம்பைக் கையில் பிடித்தபடி பிறைநிலவிலிருந்து குதித்து வெளியே ஓடி வருகிறார். எஸ்டர் ஹெர்னாண்டஸ் 1982இல் அச்சிட்ட 'சன் மேட்', உலர்திராட்சைப் பெட்டியில் சிரிக்கும் புகழ்பெற்ற பெண்ணை எலும்புக்கூடாக மாற்றியது. தம் ஊர்ப்பகுதியின் நிலத்தடி நீரில் பூச்சிக்கொல்லி கலந்திருந்த செய்தியே அவரைத் தூண்டியது. சான் பிரான்சிஸ்கோவின் 'முஹேரெஸ் முரலிஸ்தாஸ்' குழு, பெண்களால் சாரம் கட்டிப் பெருஞ்சுவர் தீட்ட முடியாது என்ற பேச்சை 1974இல் செயலால் முறித்தது. 2001இல், ஆல்மா லோப்பெஸ் குவாடலூப்பே அன்னையை ரோஜாக்கள் அணிந்த இன்றைய பெண்ணாகக் காட்டிய படைப்புக்கு நியூ மெக்சிகோவில் கடும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களில் பலர் அதே சமூகத்தினர். லாரா அகிலாரின் ஒளிப்படங்கள் உடல், வர்க்கம், பால்விழைவு ஆகியவற்றை ஒருசேர முன்வைத்தன. குளோரியா அன்சால்துவாவின் 1987ஆம் ஆண்டு நூலான 'பார்டர்லேண்ட்ஸ்', எல்லையை நிலக்கோடாக மட்டுமன்றி மொழிக்கும் பாலினத்துக்கும் உள்ளே ஓடும் கோடாக விளக்கியது.

இயக்கத்தின் உள்முரண்

1969இல் டென்வரில் கூடிய இளைஞர் மாநாடு, அமெரிக்கத் தென்மேற்கை 'அஸ்ட்லான்' எனப் பிரகடனம் செய்தது. ஆஸ்டெக் மரபில் அது முன்னோரின் பூர்வ நிலம். இக்கருத்து ஆயிரக்கணக்கானோருக்குத் தலைநிமிர்வைத் தந்தது. ஆனால் அதே நிலம் குமெயாய், தோஹோனோ ஓதாம், டினே முதலிய பழங்குடி மக்களுடையது. அவர்கள் இன்றும் அங்கே வாழ்கின்றனர். அவர்களைக் கேட்காமல் அந்நிலத்துக்கு எப்படி உரிமை கோருவது என்ற கேள்விக்கு இயக்கம் எளிதில் விடை சொல்லவில்லை. கலப்பினப் பெருமையைப் பேசியோர் எடுத்தாண்ட வாஸ்கான்செலோஸின் 1925ஆம் ஆண்டு 'பிரபஞ்ச இனம்' கோட்பாடு, கறுப்பினத்தவரையும் பழங்குடியினரையும் கரைந்து மறைய வேண்டியவர்களாகவே கண்டது. ஒடுக்கப்பட்டோரின் கலை என்பதாலேயே அதை விமர்சனமின்றி எழுதுவது ஆய்வாகாது. அது அக்கலைஞர்களுக்குச் செய்யும் மரியாதையும் ஆகாது.

ஆவணங்கள் எங்கே உள்ளன

நேரில் செல்ல இயலாத மாணவர்களும் பெரும்பகுதியை இணையவழி அணுகலாம். முக்கியமானவற்றைத் தொகுத்துத் தருகிறோம்.

- லாஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சிக்கானோ ஆய்வு மையம்: 1969இல் தொடங்கப்பட்டது. 1970 முதல் 'அஸ்ட்லான்' ஆய்விதழை வெளியிடுகிறது. தனித்தனிக் கலைஞர்களைப் பற்றிய 'ஆ வேர்' நூல்வரிசையும் இம்மையத்தினுடையதே. பழைய கொரிடோ பாடல் ஒலித்தட்டுகள் அடங்கிய ஃப்ரொன்டெரா தொகுப்பு இப்பல்கலைக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ளது.
- சாண்டா பார்பரா கலிபோர்னியா பல்கலைக்கழக நூலகத்தின் பல்லினப் பண்பாட்டு ஆவணக் காப்பகம்: செல்ஃப் ஹெல்ப் கிராபிக்ஸ், ராயல் சிக்கானோ ஏர் ஃபோர்ஸ், கலேரியா டி லா ராசா ஆகியவற்றின் சுவரொட்டிகளும் கடிதங்களும் இங்குள்ளன.
- ஸ்மித்சோனியனின் அமெரிக்கக் கலை ஆவணக் காப்பகம்: கலைஞர்களின் நீண்ட வாய்மொழி நேர்காணல்கள் எழுத்து வடிவில் கிடைக்கின்றன. இபார்ரா ஃப்ராஸ்டோ திரட்டிய துண்டறிக்கைகளும் இங்குள்ளன.
- ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் அமெரிக்கக் கலைகளுக்கான பன்னாட்டு மையம்: இலத்தீன் அமெரிக்க, லத்தீனோ கலை பற்றிய மூல அறிக்கைகளும் விமர்சனங்களும் மின்வடிவில் உள்ளன.
- ஆஸ்டின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பென்சன் நூலகம்: அன்சால்துவாவின் கையெழுத்துப் படிகள் உள்ள இடம்.
- சான் டியாகோ கலிபோர்னியா பல்கலைக்கழக நூலகம்: பண்ணைத் தொழிலாளர் இயக்க ஆவணத் திட்டத்தின் வழியாக 'எல் மல்கிரியாடோ' இதழ்களைப் படிக்கலாம்.
- நியூயார்க்கின் 'எல் முசெயோ டெல் பாரியோ' (1969), சிகாகோவின் தேசிய மெக்சிகன் கலை அருங்காட்சியகம், ரிவர்சைடில் 2022இல் திறக்கப்பட்ட 'தி சீச்': கலிபோர்னியாவோடு நின்றுவிடாமலும் போர்ட்டோ ரிக்கோ மரபையும் சேர்த்துக் காணவும் இவை உதவும்.

கண்காட்சிகளையும் ஆவணமாகப் படிப்போம்

1990இல் தொடங்கி 1993 வரை பல நகரங்களுக்குச் சென்ற 'சிக்கானோ கலை: எதிர்ப்பும் உறுதிப்பாடும்' என்ற கண்காட்சி ஒரு திருப்புமுனை. சமூகத்தினர் பங்கேற்ற குழுக்களே அதை வடிவமைத்தன. அலீசியா காஸ்பர் டி ஆல்பா 1998இல் அக்கண்காட்சியையே ஆய்வுப்பொருளாக்கி நூல் எழுதினார். பார்வையாளர் குறிப்பேடுகளையும் பத்திரிகை விமர்சனங்களையும் பெண்கள் எங்கே வைக்கப்பட்டனர் என்பதையும் அவர் ஆராய்ந்த முறை இன்றும் முன்மாதிரி.

நிறுவனங்களின் ஒப்புதல் வாக்குமூலங்களும் உண்டு. ஸ்மித்சோனியன் அமைத்த குழு 1994இல் அளித்த அறிக்கையின் தலைப்பே 'வேண்டுமென்றே செய்த புறக்கணிப்பு' என்று பொருள்படும். அமெரிக்க லத்தீனோக்களுக்கான தேசிய அருங்காட்சியகம் அமைக்க நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது 2020 டிசம்பரில்.

ஒரு படைப்பின் முன் நின்று கேட்க வேண்டியவை

இப்படைப்பு முதலில் எங்கே வைக்கப்பட்டது: தெருவிலா, சங்க அலுவலகத்திலா, காட்சிக்கூடத்திலா? யார் பணம் தந்தார்? எத்தனை பேர் சேர்ந்து செய்தனர், எத்தனை பெயர்கள் பதிவாகியுள்ளன? எம்மொழியில் எழுதப்பட்டது? இன்று அது இருக்கிறதா, அழிக்கப்பட்டதா, அழித்தவர் யார்? கலைஞரே சொன்னது என்ன, விமர்சகர் சொன்னது என்ன? ஒரு குழுவில் ஒருவரை மட்டும் நேர்கண்டு முடிவுக்கு வராதிருப்பது நல்லது. அஸ்கோவின் உறுப்பினர்களே சில நிகழ்வுகளை வெவ்வேறாக நினைவுகூர்கின்றனர்.

இன்னொன்று: நம் அனுபவத்தோடு உடனே ஒப்பிடும் ஆவல் நமக்கு இயல்பாகவே எழும். அதைச் சற்றுத் தள்ளிவைப்போம். குடியேற்றச் சட்டமும் நிலப்பறிப்பும் மொழித்தடையும் அங்கே எப்படி ஒன்றோடொன்று பின்னின என்பதை அம்மண்ணிலேயே வைத்துப் படித்த பிறகு செய்யும் ஒப்பீடுதான் இருதரப்புக்கும் பயன்படும்.

பெட்டிக்குள் அடைக்கப்பட்ட புத்தகங்கள்

இவ்வளவும் எதற்காக என்ற கேள்விக்கு அரிசோனா விடை தருகிறது. டூசான் நகரப் பள்ளிகளில் மெக்சிகன் அமெரிக்க ஆய்வுப் பாடம் நடைபெற்று வந்தது. 2010இல் மாநில அரசு அதைக் குறிவைத்துச் சட்டம் இயற்றியது. நிதியை இழக்கும் அச்சத்தில் 2012 சனவரியில் பள்ளி நிருவாகம் பாடத்தை நிறுத்தியது. ஏழு நூல்கள் வகுப்பறைகளிலிருந்து எடுக்கப்பட்டுப் பெட்டிகளில் அடைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று பாவ்லோ ஃபிரெய்ரேயின் 'ஒடுக்கப்பட்டோருக்கான கல்விமுறை'. இன்னொன்று எலிசபெத் மார்ட்டினெஸ் தொகுத்த, சிக்கானோ மக்களின் 500 ஆண்டு வரலாற்றைப் படங்களாகவே சொல்லும் நூல்.

மாணவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2017 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிபதி வாலஸ் தஷீமா, சட்டம் இயற்றப்பட்டதும் நடைமுறைப்படுத்தப்பட்டதும் இனப்பகையின் உந்துதலால்தான் என்று கண்டறிந்து, அது அரசமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தார். வென்றது வழக்கு. ஆனால் 2012இல் அவ்வகுப்பில் அமர்ந்திருந்த மாணவர்கள் அதற்குள் பள்ளியை விட்டே சென்றுவிட்டனர்.

நீதிமன்றம் தாமதமாகத் தந்ததை அம்மாணவர்களுக்கு உரிய காலத்தில் தந்திருக்கக்கூடியவை, யாரோ ஒருவர் முன்கூட்டியே திரட்டி, பெயரிட்டு, தேதியிட்டுப் பாதுகாத்து வைத்த படங்களும் பிரதிகளும்தான். அருங்காட்சியக வாசலில் எழுதிய பெயர்கள் ஓரிரு நாளில் மறைந்தன. ஒருவர் ஒளிப்படக் கருவியோடு அங்கே நின்றதால்தான் நாம் இன்று அதைப் பற்றிப் பேசுகிறோம். ஆய்வாளரின் வேலையும் அதுவே.